கல்வேலி கட்டிய மாமா: சில நாட்குறிப்புகள்

2025 பெப்ரவரி 3, திங்கள்

விடியற்காலையில் நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. மாமா போய்விட்டார். இரவு உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. மாமி தேநீரோடு எழுப்பப் போனபோது கை குளிர்ந்திருந்ததாம். எழுபத்தெட்டு வயது. நேற்றுப் பின்னேரம்கூடக் கிழக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் வேலியில் சரிந்த கற்களைத் தூக்கி வைத்துவிட்டு வந்து, கிணற்றடியில் குளித்து, பிட்டு சாப்பிட்டுப் படுத்தவர்.

அம்மாவிடம் சொன்னேன். அவருடைய ஒரே தம்பி. சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதல் படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். தீவில் பிறந்தவர்கள் நல்லதோ கெட்டதோ எதைக் கேட்டாலும் முதலில் படகைத்தான் நினைக்கிறார்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

வேலணை, புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான். இறங்குதுறைக்குச் செய்தி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. சாமான் ஏற்றிக்கொண்டிருந்த இளைஞர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, அம்மாவைக் கைத்தாங்கலாகப் படகில் இறக்கி, காற்றுப் படாத இடத்தில் இருத்தினார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. "வேலி அண்ணையின் அக்கா" என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும், யாழ்ப்பாணத்தில் அலுவல் முடித்துத் திரும்பியவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல், பைகளை யாரிடமோ கொடுத்துவிட்டு எங்களோடு வந்தார்கள்.

பெப்ரவரி 5, புதன்

நேற்றுத் தகனம் முடிந்தது. இன்றுதான் எழுத முடிகிறது.

பந்தல் போட யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதிரைகள் ஒரு வீட்டிலிருந்து வந்தன, விறகு இன்னொரு வளவிலிருந்து உழவு இயந்திரத்தில் வந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள்தான் இரண்டு நாளும் சமைத்துச் சுமந்து வந்தார்கள். சுண்ணம் இடித்தார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். கனடாவிலிருக்கும் மூத்த மச்சாள் கைப்பேசித் திரையில் தகப்பனைப் பார்த்துக் கதறினாள். தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. ஒவ்வொரு முறை அறும்போதும் அம்மா அந்தக் கைப்பேசியை மாமாவின் முகத்துக்கு இன்னும் அருகே பிடித்தார்.

பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். சுடலைக்குப் போகிற ஒழுங்கை முழுவதும் இருபுறமும் கல்வேலி. அதில் அவர் கை படாத இடம் குறைவு.

நெடுந்தீவைப் பார்க்காதவர்களுக்கு அந்த வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் கதியாலும் கிடுகும் பனையோலையும். நெடுந்தீவில் வேலி என்றால் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண் சாந்துகூட இல்லை. வெறும் கல்லின் மேல் கல். சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவில் எந்த ஒழுங்கையில் திரும்பினாலும் அதுதான். மாடும் ஆடும் போதாதென்று, பறங்கியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகளும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. வேலி இல்லாவிட்டால் வளவில் ஒரு பச்சையும் மிஞ்சாது.

மாமா வேலி கட்டுவதைச் சிறுவயதில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் தரையைச் சாணளவு தோண்டி, பெரிய தட்டைக் கற்களைப் பதிப்பார். அடி அகலமாக இருக்கும்; மேலே போகப் போக ஒடுங்கும். இரண்டு முகமாக அடுக்கிக்கொண்டு வந்து, நடுவில் சிறு கற்களை நிரப்புவார். இடையிடையே நீளமான கல்லொன்றைக் குறுக்கே போட்டு இரண்டு முகங்களையும் பிணைப்பார். முருகைக்கல்லின் உடம்பெல்லாம் துளையும் முனையும் என்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கல்லைக் கையில் எடுத்து ஒரு முறை திருப்பிப் பார்ப்பார். அவ்வளவுதான். வைத்த கல்லை மறுபடி எடுத்ததை நான் கண்டதில்லை. கற்களுக்கு இடையிலுள்ள நீக்கலைச் சாந்து வைத்து அடைக்கச் சொல்லி யாராவது கேட்டால் முகம் கறுத்துவிடும். "வாடைக்காற்று எந்த வழியால் போகும்? காற்றை மறித்தால் அது வேலியைத் தள்ளும்" என்பார்.

கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதற்கு இப்போது சட்டத்தில் தடை இருக்கிறது. மாமா எப்போதுமே கடற்கல்லைத் தொட்டதில்லை. விழுந்த வேலியின் கல்லைக் கொண்டே அந்த வேலியைத் திரும்பக் கட்டுவார். ஆளில்லாத வளவுகளில் கல் குவிந்து கிடக்கும்; அவற்றிலிருந்து ஒரு கல்லை எடுக்க விடமாட்டார். "அவர்கள் திரும்பி வந்தால் எதைக் கொண்டு கட்டுவார்கள்?" என்று கேட்பார். கொழும்பு, இந்தியா, கனடா, பிரான்ஸ் என்று போனவர்களின் வளவு வேலி சரிந்தாலும் அவரே போய் எடுத்து நிறுத்துவார். சிலர் பணம் அனுப்பினார்கள். பலருக்கு அவர் செய்தது தெரியவே தெரியாது.

பெப்ரவரி 10, திங்கள்

எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்தவற்றையெல்லாம் படைத்தார்கள்: ஒடியல் கூழ், சுட்ட கருவாடு, பனங்கட்டியோடு வெறுந்தேநீர்.

இரவு மச்சான் என்னிடம் ஒரு பொறுப்பைத் தந்தான். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று கொடுக்கும் கல்வெட்டுக்கு, அதாவது நினைவுப் புத்தகத்துக்கு, மாமாவின் வாழ்க்கை வரலாற்றை நான் எழுத வேண்டும். தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் என் தலையில் விழுந்தது. மாதிரிக்கு என்று மூன்று நான்கு பழைய கல்வெட்டுகளைத் தந்தான். படித்துப் பார்த்தேன். எல்லோரும் "பண்பாளர்", எல்லோரும் "பரோபகாரி", எல்லோரும் "இன்முகத்தோடு வரவேற்பவர்". தலைவராக இருந்த சங்கங்கள், பெற்ற பட்டங்கள், வகித்த பதவிகள். மாமா எந்தச் சங்கத்திலும் பதவி வகித்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நான் அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட அவருக்குப் போடப்போவதில்லை. அவர் செய்த வேலைகளை மட்டும் எழுதினால் போதும், பக்கம் பற்றாது.

இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவை ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதித் தருகிறார். குரோதி வருடம், தை மாதம் 21ஆம் நாள், பூர்வபக்கம். வரலாறு மட்டும் என்னுடையது.

பெப்ரவரி 14, வெள்ளி

யாழ்ப்பாணம் திரும்பிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து மேசையில் இருந்தால், எழுத வருவதெல்லாம் இந்த வீட்டுத் திண்ணைதான்.

நெடுந்தீவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சத்திரசிகிச்சை, சிக்கலான பிரசவம் என்றால் கடல் தாண்டிப் போதனா வைத்தியசாலைக்குத்தான் வர வேண்டும். அப்படி வருகிறவர்களோடு மாமாவும் வருவார். சோழகக் காற்றில் படகு எழுந்து விழும்போது நோயாளியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பலமான கை வேண்டும். அதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். நோயாளியை அனுமதித்துவிட்டு, உடன்வந்த உறவுகளைக் கூட்டிக்கொண்டு இரவு எத்தனை மணியானாலும் எங்கள் வீட்டுக்கு வருவார். படலையில் நின்று "அக்கா" என்று ஒரு குரல். அம்மா எழுந்து அரிசி களைவார். அப்பா திண்ணையில் பாய் விரிப்பார். யார், எவர் என்ற கேள்வியே கிடையாது. நாங்கள் பிள்ளைகள் காலையில் எழுந்து பார்த்தால் திண்ணை நிறைய முன்பின் தெரியாத மனிதர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மாமா மட்டும் கிணற்றடியில் நின்று எங்கள் வீட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருப்பார். நின்ற வீட்டில் சும்மா இருந்து சாப்பிட அவருக்குத் தெரியாது.

அந்தத் திண்ணையில் உறங்கிய ஒரு பெண், அன்று பிறந்த தன் மகனைக் கூட்டிக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்திருந்தார். அவன் இப்போது தகப்பனாகிவிட்டான். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் வீட்டுப் பருப்புக் கறி இன்னும் நாக்கில் நிற்கிறது" என்றார். இதை எழுதாமல் நான் என்ன வரலாறு எழுதுவது?

பெப்ரவரி 16, ஞாயிறு

மாமாவோடு வேலி கட்டப் போன பெரியவரோடு இன்று நீண்ட நேரம் தொலைபேசியில் கதைத்தேன். காது மந்தம், ஆனால் நினைவு தெளிவு. அவர் சொன்னதில் இரண்டைக் குறித்துக்கொண்டேன்.

முதலாவது, அண்ணன் தம்பி வளவு. எல்லைத் தகராறு முற்றி, ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்திய இரண்டு சகோதரர்கள் நடுவில் வேலி கட்டித் தரச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூலியை ஆளுக்குப் பாதி. மாமா நேர்த்தியாகக் கட்டினார். கிணற்றுப் பக்கமாக ஓரிடத்தில் மட்டும் இரண்டு படி வைத்து, ஏறிக் கடக்க ஒரு கடப்பு விட்டார். இருவரும் சேர்ந்து சண்டைக்கு வந்தார்களாம். மாமா சொன்னாராம்: "உங்களுக்கு வேலி கேட்டீர்கள், கட்டிவிட்டேன். கடப்பு உங்கள் தாய்க்கு." அந்தத் தாய் மூத்த மகனோடு இருந்தவர். அதன் பிறகு பல ஆண்டுகள், காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அந்தக் கடப்பால் ஏறி இறங்கி இளைய மகனின் பிள்ளைகளைப் பார்த்து வந்தாராம். சகோதரர்கள் இன்றுவரை சமாதானமாகவில்லை. தாய் இறந்த பிறகும் கடப்பை இருவரும் மூடவில்லை.

இரண்டாவது, 1985. அந்த ஆண்டு மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்கள், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். மாவிலித்துறையில் நினைவுத்தூபி இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். படகில் போனவர்கள் எல்லோரையும் மாமாவுக்குத் தெரியும். இவ்வளவு சிறிய ஊரில் தெரியாமல் எப்படி இருக்கும்? மாமா அதைப் பற்றி எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியவர்தான் சொன்னார்: அந்த ஆண்டு மாமா ஒரு வேலியும் கட்டவில்லையாம். வைகாசியில் தொடங்கி மாரி மழை வரும் வரைக்கும், உழைக்கிற ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாராம். பனையில் ஏறி ஓலை வெட்டினார். கூரை வேய்ந்தார். விறகு பிளந்து அடுக்கினார். தோட்டம் கொத்தினார். கூலி வாங்கவில்லை, அந்த வீடுகளில் சாப்பிடவும் இல்லை. "வாயைத் திறந்து ஆறுதல் சொல்ல அவனுக்கு வராது. ஓலையைக் கட்டிக்கொண்டே இருப்பான்" என்றார் பெரியவர். அப்போது மாமாவுக்கு முப்பத்தெட்டு வயது.

பெப்ரவரி 22, சனி

வார இறுதிக்குத் தீவுக்கு வந்திருக்கிறேன். கடல் எண்ணெய் போலக் கிடந்தது.

மச்சானும் பேரப்பிள்ளைகளும் பனங்கிழங்குப் பாத்தி கிண்டினார்கள். புரட்டாதியில் மாமா தானே பனங்கொட்டை பொறுக்கிப் போட்டு மண் மூடிய பாத்தி. அந்தப் பாத்தியைச் சும்மா ஒரு சாப்பாட்டுப் பண்டமாக எண்ணக் கூடாது. போர்க்காலத்தில் படகு ஓடாமல் அரிசியும் கோதுமை மாவும் தீர்ந்துபோன வாரங்களில், பச்சையாகப் பிளந்து காயவைத்த ஒடியலை இடித்து மாவாக்கிக் கூழும் பிட்டுமாக மாமி ஒழுங்கை முழுவதற்கும் கொடுத்திருக்கிறார். அந்த நினைவிலேயே மாமா வீட்டுத் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு பாத்தி போடுவார். இந்த ஆண்டும் அப்படித்தான் போட்டிருக்கிறார். கிழங்குகளை ஊராருக்குப் பிரித்துக் கொடுத்தோம். யாருக்கு எத்தனை கட்டு என்று மாமி படலையில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் கிணறு பார்க்கப் போனோம். தீவில் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடங்கள் குறைவு. சாராப்பிட்டிக் கிணறுகளைச் சொல்வார்கள். மற்றப்படி பெரும்பாலும் உவர். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், கீழிருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. வாளியால் அளவாக அள்ளினால் குடிக்கலாம். இயந்திரம் வைத்து இழுத்தால் உவர் மேலேறிவிடும். பிறகு அந்தக் கிணறு பழைய நிலைக்கு வர நல்ல மாரி வேண்டும். பாடப்புத்தகம் படிக்காமலே மாமாவுக்கு இது தெரிந்திருந்தது. யாராவது நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியதாகக் கேள்விப்பட்டால் அவர்கள் வீட்டுக்குப் போய், கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துக் காட்டி, "இதை இழக்கப் போகிறாய்" என்று சொல்லிவிட்டு வருவார். சிலர் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை, அவர்களுடைய கிணறு உவராகியபோதும் மாமாவே குடத்தைத் தோளில் வைத்துக் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஆவணி வெயிலில் குளங்கள் வற்றும்போது ஊர்க் கிணறுகளில் இறங்கிச் சேறு அள்ளுவதும் அவர்தான். அந்த மாதங்களில் படலைக்கு வெளியே ஒரு கல்தொட்டியில் தினமும் தண்ணீர் ஊற்றி வைப்பார். இருட்டியதும் மட்டக்குதிரைகள் வரும். அவை மாமியின் தூதுவளையைத் தின்ன வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டுவதும், மாமி ஈர்க்குமாற்றோடு ஓடி வருவதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பெப்ரவரி 23, ஞாயிறு

எழுதி வைத்ததை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். 1985ஆம் ஆண்டுப் பகுதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த மாரியில் எங்கள் கூரை ஒழுகியது. அதை எழுதினாயா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"ஊர்க் கூரை எல்லாம் வேய்ந்தார். எங்கள் ஓலை முற்றத்தில் கட்டுக்கட்டாக உக்கிப்போனது. உன் மச்சாள் அப்போது கைக்குழந்தை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவிரவாக மூலைக்கு மூலை மாறி மாறி இருந்தேன். விடிந்ததும் அவருக்குச் சொன்னால், இன்றைக்குச் செய்கிறேன் என்பார். படலையில் யாராவது வந்து நிற்பார்கள். போய்விடுவார். நான் எவ்வளவு பேசியிருப்பேன் தெரியுமா பிள்ளை? ஓடு போட்ட பிறகும் அப்படித்தான். வடக்குப் பக்கத்து ஓடு உடைந்து மூன்று வருடம்."

உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். அறை மூலையில் ஒரு வாளி. சுவரில் மழை இறங்கிய கறை.

மச்சான் தர்மசங்கடப்பட்டான். கல்வெட்டில் இதையெல்லாம் போடுவது முறையா, ஊர் என்ன சொல்லும் என்றான். கனடாவுக்கு எடுத்துக் கேட்டோம். மச்சாளும் வேண்டாம் என்றாள். மாமி பிடிவாதமாக நின்றார். "அவர் செய்ததெல்லாம் நானும் சேர்ந்து செய்தது. நான் நனைந்ததால்தான் அந்த வீடுகள் நனையவில்லை. போடு" என்றார்.

போட வேண்டும் என்பதே என் எண்ணமும். தீவில் இப்படி ஊருக்காக உழைத்த ஆண்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் வீட்டில் இருக்காத நேரத்தில் ஆட்டுக்குக் குழை வெட்டி, பிள்ளைகளுக்குச் சோறு தேடி, சுமையைத் தாங்கிய பெண்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மாமாவின் வரலாற்றில் மாமியின் நனைந்த பாய்க்கு இடமில்லையென்றால் அது அரைகுறை வரலாறு.

மார்ச் 1, சனி

அச்சகத்திலிருந்து முதற்படி வந்தது. எழுத்துப் பிழைகள் திருத்தி அனுப்பினேன். முகப்பில் போட மாமாவின் தனிப்படம் ஒன்றும் நல்லதாக இல்லை. கடைசியில், யாருடையவோ திருமண வீட்டுக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றவரை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். கையில் சாம்பார் வாளி இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்றுக் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. கேணியில் தலை முழுகி, பிறகு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. தீவிலிருந்து காலைப் படகில் வந்தவர்களே பந்தியை நிறைத்துவிட்டார்கள். மாலைப் படகைப் பிடிக்க வேண்டுமென்று அவசரம் அவசரமாகச் சாப்பிட்டார்கள். கல்வெட்டை மடித்துச் சட்டைப்பையிலும் சேலை மடிப்பிலும் வைத்துக்கொண்டார்கள். கடப்பு விட்ட வேலியின் மூத்த சகோதரரும் வந்திருந்தார். பெயர் போடாமல்தான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு வந்து, "படி இரண்டு இல்லை, மூன்று" என்று திருத்தினார். வேறொன்றும் சொல்லவில்லை.

பந்தி முடிந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது. கனடாவிலிருக்கும் உறவுகள் சேர்ந்து, மாமாவின் பெயரில் ஒழுங்கை முகப்பில் ஒரு நினைவு வளைவு கட்டப் பணம் சேர்த்திருக்கிறார்கள். மச்சாள் கைப்பேசியில் வரைபடம் காட்டினாள். நல்ல மனத்தோடு செய்வதுதான். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தார். வளைவுக்குச் சீமெந்து எவ்வளவு போகும், கூலி எவ்வளவு என்று கேட்டார். பிறகு, அவர் கட்டிய கல்வேலிக்கு நடுவில் சீமெந்துத் தூண் வேண்டாம், அந்தக் காசில் முதலில் வீட்டுக் கூரையைச் செய்வோம், மிஞ்சினால் ஊர்க் கிணற்றுக்குக் கட்டு கட்டலாம் என்றார். மச்சாள் அந்தப் பக்கம் அழத் தொடங்கிவிட்டாள். பிறகு சரி என்றாள்.

ஓடும் சலாகையும் சனிக்கிழமைப் படகில் ஏற்ற ஏற்பாடு. மாவிலித்துறையில் இறக்குவதற்கு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது.